மூச்சு முட்டிய அம்பாசடர்

டிராக்டரில் மூன்று முறை ஆயில் சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததும் எங்கள் வீட்டுப் பழைய காருக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்களுடையது 1984-ம் வருடத்து மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி. எஞ்சின் 1,489 சி.சி. அப்பா அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பரமத்திவேலூர் சந்தைக்கு வாழைத்தார் போனதும், பாட்டியை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அதில்தான். அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதும், மாட்டுக்கொட்டகை ஓரம் மூன்று வருடம் சும்மா நின்றது.

போன தை மாதம் பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. ஆயில் ஊற்றும் மூடி வழியாகப் புகை வந்தது. டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "ரிங் போயிருச்சுங்க, எஞ்சின் இறக்கோணும், நாப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். பணம் இல்லை என்றதும், எஞ்சின் மேல்மூடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டியூப்பை இழுத்து, கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் மேனிஃபோல்டில் சொருகிவிட்டார்கள். புகை வெளியே தெரியாமல் எஞ்சினே இழுத்துக்கொள்ளும் என்றார்கள்.

புகை குறைந்தது. ஆனால் அடுத்த வாரம் முதல் ஐட்லிங் ஏறிக்கொண்டே போனது. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே எஞ்சின் கத்தியது. ஐட்லிங் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் இறங்கவில்லை. ஒரு நாள் வாசலில் கிளட்ச்சை விட்டதும் வண்டி துள்ளிப் போய்க் கொட்டகைத் தூணில் மோதியது. அம்மா அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு அந்த இடத்தைத் தாண்டியிருந்தார். அன்று இரவே பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தேன். முப்பதாயிரம் தருவதாகச் சொன்னார். அப்பாவிடம் கேட்டதற்கு, "உனக்கு எப்படித் தோணுதோ செய்யி சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குமேல் எனக்கு மனம் வரவில்லை.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்தேன். எஞ்சினை ஓடவிட்டு அந்த பிளாஸ்டிக் டியூப்பை மேனிஃபோல்டு பக்கமாக இரண்டு விரலால் நசுக்கினார். கத்திக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று தணிந்தது. விட்டதும் மறுபடி கத்தியது. "கார்புரேட்டருக்குத் தெரியாம காத்து உள்ள போகுதுங்க தம்பி. ஸ்க்ரூவைத் திருகி என்ன பிரயோசனம்?" என்றார். ஆயில் சூட்டில் டியூப் இளகி ஒரு பக்கம் வெடித்திருந்தது.

அவர் விளக்கிச் சொன்னது இதுதான். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். புது வண்டியிலும் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அதை மேனிஃபோல்டுக்கே கொடுக்கும் முறையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலேயே இருந்தது. ஆனால் நடுவில் அளவாக விடும் ஒரு வால்வு இருக்கும். வால்வு இல்லாமல் நேராகக் கொடுத்தால் காற்றும் ஆயிலும் இஷ்டத்துக்குப் போகும்.

"சரி, முதல்ல புகை எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். எஞ்சின் பக்கவாட்டு மூடியிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தினார். கட்டிகட்டியாக மண் உதிர்ந்தது. குளவிக்கூடு! மூன்று வருடம் சும்மா நின்றதில் குளவி உள்ளே வீடு கட்டிவிட்டது. வெளியேற வழியில்லாத புகைதான் ஆயிலை இடுக்குகள் வழியே தள்ளியிருக்கிறது.

குழாயையும் மூடியையும் மண்ணெண்ணெயில் கழுவி, புது கேஸ்கட் போட்டார். மேனிஃபோல்டு ஓட்டையை போல்ட் வைத்து அடைத்தார். மேல்மூடிக் குழாயை, முன்பு இருந்ததுபோல் ஏர் கிளீனருக்கே, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸில் கொடுத்தார். கடைசியாகத்தான் ஐட்லிங் ஸ்க்ரூவைத் தொட்டார். சாமான் 380 ரூபாய், கூலி 500. ஆயில் கசிவு முழுதாக நிற்கவில்லை. ராத்திரிக்கு இரண்டு சொட்டு விழுகிறது. அதற்கு அடியில் ஒரு தகரம் வைத்திருக்கிறேன்.

இப்போது டிராக்டருக்கு வருகிறேன். டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. அதனால் பிரீதர் அடைத்தால் ஐட்லிங் ஏறாது. ஆனால் உள்ளே அழுத்தம் கூடி, சீல் எங்கே பலவீனமோ அங்கே ஆயில் வெளியே வரும். புது சீல் போட்டாலும் அதே கதைதான். மக்காச்சோளத் தூசியும் ஆயிலும் சேர்ந்தால் பிரீதர் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். டீசல் மோட்டார் எஞ்சினுக்கும் இதே கதிதான். ஆயில் சொட்டுகிறதே என்று குழாய் வாயில் துணி திணிப்பவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது.

சீல் வாங்குவதற்கு முன் பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். பீடிப் புகை அளவு வந்தால் பயமில்லை. பிரீதர் சுத்தமாக இருந்தும் குப்குப்பென்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது எஞ்சின் வேலைதான். பார்க்கும்போது துண்டு, வேட்டி முனை ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியில் காற்று எங்கே இழுக்கிறது என்று பார்க்கச் சிலர் பெட்ரோலையே ஊற்றுவார்கள். தீப்பிடிக்கும். பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். இழுக்கும் இடத்தில் தடவியதும் எஞ்சின் சத்தம் மாறும்.

ரொம்ப நாள் நிறுத்தும் எஞ்சினுக்குப் பிரீதர் வாயில் கொசுவலைத் துண்டு கட்டிவைக்கிறேன். எடுக்க மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி. இரும்புக்காரர் மறுபடி போன் செய்தார். அப்பாவே எடுத்து, வண்டி வேலூர் சந்தைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.