தொடை யாருக்கு?

கோழிக்குத் தொடை இரண்டே என்பது உயிரியல். உண்பவர் ஐவராயின் அவ்விரண்டும் யாருக்குச் சேரும் என்பது உயிரியலுக்குள் அடங்காத வினா.

சென்ற தவணை விடுமுறையில் கஹவத்தையில் நாம் குடியிருக்கும் வீட்டுக் குசினியில் அவ்வினா எழுந்தது. மொறுமொறுவென்று வெந்த கோழியைக் கைத்தொலைபேசியில் கண்ட நம் பிள்ளைகள், அதைப் போறணையில் செய்தே தீர வேண்டும் என்று நின்றனர். மூத்தவளுக்குப் பதினொரு வயது; இளையவனுக்கு எட்டு. மூத்தவளின் வகுப்புத் தோழியும் தோட்டத்து லயத்திலிருந்து வந்திருந்தாள். சீட்டுப் பணத்தில் வாங்கிய சிறிய மின்சாரப் போறணை ஒன்று நம்மிடம் உண்டு.

பொதியைப் பிரித்த கையோடு கோழியை உள்ளே தள்ள முனைந்தான் இளையவன். தடுத்தோம். தோலில் ஈரம் உள்ளவரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டுவது அரிது. வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஏறத்தாழ 140 பாகைக்கு மேல்தான் புரதமும் சர்க்கரையும் கூடி நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912இல் ஆராய்ந்து வெளியிட்ட வினை இது. ஆகவே துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் மிளகாய்த் தூளும் ஒரு கரண்டி அரிசிமாவும் தடவி, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தார்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவினார்கள். பிறகு கொழுப்பு வடிவதற்காகக் கம்பித் தட்டில் அடுக்கி, 200 பாகைச் சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்து, நடுவில் ஒரு முறை புரட்டினார்கள்.

தோழி போறணையின் கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்திருந்தாள். "அம்மா கேக் செய்றதும் இப்படித்தான் டீச்சர். சட்டிக்கு மேலேயும் தணல், கீழேயும் தணல்" என்றாள். சிரட்டைத் தணலால் போறணையைப் படைத்த அந்தப் பெண்ணின் அறிவுக்கு எந்தப் பாடநூலில் இடமளித்தோம்?

துரைமாரின் பங்களாக் குசினிகளில் விறகெரியும் இரும்புப் போறணை வெள்ளையர் காலத்திலேயே இருந்தது. அதில் கோழியை வாட்டியவர் ஒருவர், உண்டவர் வேறொருவர். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவோ பல தோட்டங்களில் அப்படியே நிற்கிறது. நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் குரல் எழுப்பி, 2021இல்தான் அது கிடைத்தது. மறு ஆண்டே ஒரு கிலோ கோழியின் விலை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

தட்டு வெளியே வந்தது. தோல் பொன்னிறமாகி வெடித்துக் கிடந்தது. இரண்டு கால்களையும் முழுத் தொடையாகவே விட்டிருந்தோம். பரிமாறும்போது நம் கை, நம்மைக் கேளாமலே, ஒரு தொடையை வீட்டுக்காரரின் தட்டிலும் மற்றதை மகனின் தட்டிலும் வைத்தது. சமத்துவத்தைப் பற்றி வகுப்பறையில் பேசும் அதே கைதான்!

"எங்க வீட்டிலேயும் தம்பிக்கும் அப்பாவுக்கும்தான் தொடை. அம்மாவுக்குக் கழுத்துத்தான் விருப்பமாம்" என்றாள் தோழி. அவள் குரலில் குறையேதும் இல்லை.

நாமும் லயத்துப் பிள்ளையே. நம் அம்மாவும் அதையே சொல்லியிருக்கிறார். பேராதனையில் தமிழ் படித்துப் பட்டம் பெற்ற பின்னரும் அதை நம்பியிருந்தோம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் கம்பியில் சுட்ட கொழுத்த இறைச்சியை ஊட்டுவிக்க, பொருநன் தின்று தின்று பல் மழுங்குகிறான். அந்தப் பகுதியை எத்தனை முறை சுவைத்துப் பாடம் நடத்தியிருப்போம்! அதைச் சமைத்தவர்கள் என்ன உண்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூத்தவள் இரு தொடைகளையும் தட்டுகளிலிருந்து எடுத்து, எலும்பை நீக்கிச் சதையை ஐந்து பங்காக்கினாள். இளையவன் அழுதான். தோலின் மொறுமொறுப்பும் ஐந்தாக உடைந்ததில் அவனுக்குப் பெரும் வருத்தம். வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. கழுத்தை யாரும் தொடவில்லை. கடைசியில் அது பூனைக்குப் போயிற்று.

அன்றிரவு இறக்குவானையிலுள்ள அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, கோழிக் கழுத்து அவருக்கு மெய்யாகவே விருப்பமா என்று வினவினோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "இப்ப கோழி கிலோ என்ன விலைக்கு விக்குது?" என்று கேட்டார்.