பெரியப்பாவின் கால் வீக்கமும் நாலு முட்டையும்

பி.காம். படிக்கிறவனுக்குச் சிறுநீரகத்தோடு என்ன வேலை என்று கேட்கலாம். கதை இதுதான்.

பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி அரியலூரில் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இப்போது கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. சிறுநீரில் நுரை. "ஆல்புமின் வெளியே போகுது" என்றாராம் டாக்டர். உடனே பெரியம்மா தினமும் நாலு முட்டை அவிக்க ஆரம்பித்துவிட்டார். போன புரதத்தை வாய் வழியாக ஈடுகட்டும் திட்டம்! எனக்கும் சரியான வரவு செலவாகத்தான் பட்டது. சந்தேகம் வந்து படித்தேன்.

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 கிராம் ஆல்புமின் இருக்க வேண்டும். ரத்தக்குழாயை விட்டு எளிதில் வெளியேறாத இந்தப் புரதம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. 1896லேயே ஸ்டார்லிங் இதைச் சொல்லிவிட்டார். அது குறைந்தால் தண்ணீர் திசுக்களில் கசியும். சிறுநீரகமும் உப்பை வெளியே விடாமல் சேர்த்து வைக்க, வீக்கம் கூடும்.

செல்லுக்குள்ளும் இதே இழுபறிதான். உள்ளே இருக்கும் புரதங்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, வெளியே வர முடியாதவை. சும்மா விட்டால் சோடியமும் குளோரைடும் உள்ளே நுழையும், பின்னாலேயே தண்ணீரும் வரும், செல் ஊதிவிடும். புரதம் இப்படி அயனிகளை ஏறுக்குமாறாகப் பங்கிட வைப்பதை 1911ல் விளக்கியவர் டோனன். அவர் 1870ல் பிறந்தது நம் பக்கத்துக் கொழும்பில்! செல்லை ஊதாமல் காப்பது, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப். அதைக் கண்டுபிடித்த ஸ்கௌ 1997ல் நோபல் பரிசு பெற்றார்.

2008ல் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவருடைய பெற்றோர் தானம் செய்தது நினைவிருக்கும். அப்படி எடுக்கும் சிறுநீரகத்தைக் குளிரில் வைத்தால் அந்த பம்ப் ஏறக்குறைய நின்றுவிடும். அதனால்தான் 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய திரவத்தில், செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்தார்கள். ஆல்புமின் செய்யும் வேலைக்கு அதில் ஒருவகை ஸ்டார்ச். வெளியே இருக்கும் தண்ணீரின் சேர்மானம் அவ்வளவு முக்கியம்.

சரி, முட்டை? அடுத்த தடவை டாக்டரிடம் நானே கேட்டேன். ஓட்டை சிறுநீரகத்தின் வடிகட்டியில் இருக்கிறது, அளவுக்கு மீறிப் புரதம் சாப்பிட்டால் அதற்குச் சுமைதான் கூடும், முதலில் உப்பைக் குறையுங்கள் என்றார். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கணக்கு!

பெரியம்மா முட்டையைக் குறைத்துவிட்டார். ஊறுகாய் ஜாடி மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், கால் வீங்கும்வரை காத்திருக்காதீர்கள். வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிடுங்கள்.