டெல்லிக்குப் போன கதவு

மே மாதக் கடைசியில் டெல்லியிலிருந்து போன் வந்தது. பூஜை மண்டபத்தின் கதவில் பத்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளவு. கலூரில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. மழைக்காலத்தில் கதவு உப்பிச் சிக்குகிறது என்று கூப்பிடுவார்கள். இழைத்துக் கொடுத்துவிட்டு வருவார். பிளந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. கூலியைத் திருப்பி அனுப்பினார்.

தேக்கு நல்ல தேக்குதான். வேலையிலும் பழுதில்லை. ஆனால் அவர் செய்த கதவுகள் அதுவரை கொச்சியைத் தாண்டியதில்லை. காயலும் கடலும் சூழ்ந்த ஊரில் எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும், காற்றில் உள்ள ஈரத்துக்கு ஏற்பத்தான் மரம் காயும். அதே மரம் டெல்லியின் கோடைக் காற்றில் மிச்ச ஈரத்தையும் விட்டுச் சுருங்குகிறது. ஈரம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். நீளவாட்டில் அநேகமாக ஒன்றுமில்லை, எல்லாம் அகலத்தில்தான். நாட்டை ஈரப்பதப்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எங்கே போகும் மரத்தை எவ்வளவு காயவைக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் 287 சொல்கிறது. பட்டறைகளில் அதைப் படிப்பவர்கள் குறைவு.

மட்டாஞ்சேரியில் பழைய வீடுகளைப் பிரித்த மரம் கிடைக்கும். ஆனால் பழம்பொருள் கடைகளோடு விலையில் போட்டி போட முடியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் வெயிலில் இயங்கும் உலர்த்தும் அறையை எப்போதோ வடிவமைத்திருக்கிறது. ஜூனில் கொச்சியில் வெயிலுக்கு எங்கே போவது?

எனவே ஒரு பெட்டி. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இரட்டை பிளைவுட், நடுவே கண்ணாடிப் பஞ்சு. அடியில் பீங்கான் ஹோல்டரில் நான்கு 60 வாட் குண்டு பல்புகள். சூடு நேராகப் படாமல் மேலே தகர மறைப்பு. காற்றைச் சுழற்றப் பழைய கம்ப்யூட்டர் ஃபேன். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் போடும் தெர்மோஸ்டாட். ஈரக்காற்று வெளியேற இரண்டு துளைகள், மூடி திறக்கும்படி. பலகைகளுக்கு இடையே ஒரே கனத்தில் ரீப்பர் துண்டுகள். நாள் முழுக்க எரிந்தாலும் கரண்ட் ஆறு யூனிட்டுக்குள்.

முதல் தடவை அவசரப்பட்டார். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குத் திருகி, துளைகளையும் முழுக்கத் திறந்துவிட்டார். மூன்றாம் நாள் பலகைகளின் முனையெல்லாம் நட்சத்திரமாக வெடித்திருந்தன. வெளித்தோல் காய்ந்து இறுகிவிட்டது. உள்ளே ஈரம் அப்படியே. நான்கு பலகைகள் அடுப்புக்குப் போயின.

"தோசை சுடுற அவசரம் இதுல ஆகாது மக்களே" என்று பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளிடம் சொல்லிக்கொண்டார். அடுத்த தடவை முனைகளில் மெழுகு தடவினார். 40 டிகிரி, துளைகள் பாதி திறப்பு. கணக்கு மகளுடையது. ஒரு துண்டை வெட்டி நிறுத்தாள்: 118 கிராம். பக்கத்து வீட்டு கேக் அவனில் 103 டிகிரியில், எடை குறைவது நிற்கும்வரை வைத்தாள்: 100 கிராம். ஆக, ஈரம் 18 சதவிகிதம். பெட்டிக்குள் 5,900 கிராம் இருக்கும் பலகை 5,500க்கு வந்தால் ஈரம் 10 சதவிகிதம். தினமும் நிறுத்து, பலகையிலேயே பென்சிலால் எழுதினாள்.

"இன்னும் நாப்பது கிராம் இருக்குப்பா."

"இருக்கட்டும். அது போற நேரத்துல போகும்."

ராத்திரி தூங்கப் போகுமுன் சுவிட்சை அணைத்துவிடுவார். மரத்தூள் நிறைந்த இடத்தில் எரியும் பல்பைத் தனியே விடுவதில்லை. அதனால் நாள் கூடியது, பரவாயில்லை என்றார்.

இன்னொரு பாடமும் இருந்தது. காய்ந்த பலகையைக் கலூர் மழையில் வெறுமனே வைத்தால் மறுபடியும் ஈரத்தைக் குடித்துவிடும். வேலை செய்யும் பலகையைத் தவிர மற்றவை பாலிதீன் உறைக்குள்ளேயே இருந்தன. இம்முறை கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் பசை போடாமல் பொருத்தினார், அசைய இடம் விட்டு.

கதவு ஜனவரியில் ரயிலேறியது. கூலி கேட்கவில்லை. பட்டறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் மே மாதத் தாளை மட்டும் மகள் மடித்து வைத்திருக்கிறாள்.