விளையாட்டுக் கணினியும் வீட்டு மின்சாரமும்

வீட்டிலே பிள்ளைகள் விளையாடுவதற்கென ஒரு கணினியை வாங்க எண்ணுவோர் கடைக்காரரிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டேயாம். புரொசசர் எது, கிராபிக்ஸ் கார்ட் எது என்பனவே அவை. கலியாணத் தரகரிடம் மாப்பிள்ளையின் உத்தியோகத்தையும் சம்பளத்தையும் மட்டும் விசாரித்துவிட்டு எழுந்து வருவது போன்றதே இது. பெட்டியின் மூலையிலே வாய்பேசாது கிடக்கும் பவர் சப்ளையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேளாததைச் சொல்லும் கடப்பாடு தமக்கில்லை என்று கடைக்காரரும் இருந்துவிடுகிறார்.

நாம் கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவரேயன்றிக் கணினிப் பொறியியல் கற்றவரல்லோம். ஆயினும், மின்சாரம் என்ற சொல் எங்கே எழுந்தாலும் சுற்றத்தார் எம்மையே நாடி வருவது வழக்கமாகிவிட்டது. கொக்குவிலில் வாழும் எமது தமக்கையாரும் அவ்வாறே ஒரு நாள் எம்மை அழைத்தார்.

தமக்கையாரின் மகன் உயர்தர வகுப்பிலே பயில்கின்றான். அத்தான் கட்டாரிலே தொழில் புரிகின்றார். தந்தையும் மகனும் வெள்ளிதோறும் இணையத்தின் வழியே ‘போர்சா ஹொரைசன் 5’ எனும் காரோட்டப் பந்தயத்திலே ஒன்றுகூடுவர். தொலைபேசியிலே ‘சாப்பிட்டியா, படிச்சியா’ என்பதற்கு மேல் பேச்சு வளராத அவ்விருவரும், பந்தயம் நடக்கும்போது மட்டும் மணிக்கணக்காய்க் கதைத்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று மேடையேறிப் பேசும் நண்பர்கள் எமக்கும் உளர். அவர்கள் அந்த வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்து பார்த்தல் நன்று.

அக்கணினியிலே பூட்டப்பட்டிருந்த கார்ட் ஆர்.ரி.எக்ஸ். 3060. தமக்கையார் சீட்டெடுத்த காசிலே, ஒருவர் பாவித்து விற்றதை வாங்கியது. 2022 செப்ரெம்பரில் ஈதரியம் எனும் மறைநாணயம், கார்ட்டுகளைக் கொண்டு அகழ்ந்தெடுக்கும் முறையைக் கைவிட்டது. அகழ்வோர் கழித்த கார்ட்டுகள் அதன்பின் பழைய சாமான் சந்தைகளிலே மலிந்தன. அன்று தொட்டுக் கைமாறிய கார்ட் எதுவாயினும் அதன் மேல் ஓர் ஐயம் உண்டு. ஆகையால் கணினி நோயுற்றதும் எல்லோருடைய விரலும் அதனையே சுட்டியது.

நோயின் குறி இதுதான். எழுதுவேலைக்கும் படம் பார்ப்பதற்கும் கணினி குறைவின்றி இயங்கும். பந்தயம் தொடங்கிப் பத்து நிமிடத்தில், ஆளியைப் பறித்தாற்போல முழுவதும் அணைந்து, பின்னர் தானாகவே எழும்பும். திருத்துநர் ஒருவர் மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டு, கார்ட் முடிந்துவிட்டது, புதிதாக ஒன்று போட வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தார். “தம்பி, காப்பை அடைவு வைச்செண்டாலும் வாங்கிக் குடுப்பம். அந்த மனிசன் வெள்ளிக்கிழமை பாத்துக்கொண்டிருக்கும்” என்றார் தமக்கையார். பையனோ, “மாமா, வேண்டாம், அம்மாட்டச் சொல்லுங்கோ” என்று எமது காதிலே மெல்லக் கூறினான்.

கார்ட் சாகுமுன் அதற்கென்று சில குறிகள் தோன்றும். திரையிலே வர்ணப் புள்ளிகளும் கோடுகளும் சிதறும். விளையாட்டு மட்டும் அறுந்துபோகும். அல்லது திரை இருண்ட பின்னும் ஒலி கேட்டுக்கொண்டிருக்கும். கணினி முழுவதும் ஒரே கணத்தில் அணைவது பெரும்பாலும் வேறு சாதி நோய். வெப்பத்தையோ மின்சாரத்தையோ முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தோம். ‘கேர்னல் பவர் 41’ என்ற பதிவு வரிசையாகக் கிடந்தது. பலர் இதைக் கண்டதும் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்வர். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. மரணப் பத்திரத்திலே ‘மூச்சு நின்றது’ என்று எழுதுவது போல.

அடுத்து வெப்பம். பந்தயம் ஓடும்போது கார்ட் 72 பாகை, புரொசசர் 78 பாகை. ஆக்கியோர் விதித்த எல்லைகள் முறையே 93, 90. யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலிலே இது நற்சான்று என்றே கொள்ளல் வேண்டும். ராமை ஓர் இரவு முழுவதும் சோதனைக்கு விட்டோம். ஒரு பிழையும் எழவில்லை.

பின்னர், கார்ட் இழுக்கும் மின்சாரத்துக்கு 120 வாற்று என ஒரு வேலி இட்டோம். இதற்கு இலவச மென்பொருள் உண்டு, காசு செலவில்லை. பந்தயம் ஒரு மணி நேரம் தடையின்றி ஓடியது. வேலியை எடுத்தோம், எட்டாம் நிமிடத்தில் அணைந்தது. நோய் ஒளிந்திருந்த இடம் அப்பொழுதே ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

பக்கப் பலகையைக் கழற்றிச் சப்ளையின் லேபிளைப் படித்தோம். பெரிய எழுத்திலே ‘500 வாற்று’ என்றிருந்தது. புரொசசரும் கார்ட்டும் உண்பது 12 வோல்ற்றுக் கோட்டிலிருந்தேயாம். அக்கோட்டுக்கு எதிரே சிறிய எழுத்திலே 25 அம்பியர். பன்னிரண்டை இருபத்தைந்தாற் பெருக்கின் 300. கார்ட்டுக்கு 170, புரொசசருக்கு 76, விசிறிகளும் பிறவும் சேர்ந்து ஒரு 40 என்று வைத்தால், விளிம்பிலே நிற்கின்றது. அதுவும் சராசரிக் கணக்கே. கார்ட்டுகள் ஆயிரத்திலொரு செக்கனுக்கும் குறைந்த பொழுதிலே தம் சராசரியை விஞ்சிப் பாய்ந்து இழுக்கும். நலிந்த சப்ளை அப்பாய்ச்சலைத் தாங்காது தாழும். மதர்போட் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 2022 ஆம் ஆண்டில் வெளியான ஏ.ரி.எக்ஸ். 3.0 நியமம் இத்தகைய பாய்ச்சல்களை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. அந்தக் கார்ட்டுக்கு 550 வாற்றுச் சப்ளை வேண்டுமென என்விடியா சொல்லியிருப்பதும் இதனாலேயே. தமக்கையார் வீட்டுச் சப்ளையோ, பெட்டியுடன் இனாமாக வந்தது.

ஆயினும் கணக்கை மட்டும் நம்பிக் காசு செலவழிப்பது முறையன்று. உடனாசிரியர் ஒருவரிடம் 650 வாற்றுச் சப்ளை ஒன்றை இரவல் வாங்கினோம். இவ்விடத்தில் வாசகர்க்கு ஓர் எச்சரிக்கை. கழற்றிப் பூட்டும் வயர்களையுடைய சப்ளையாயின், அதனுடன் வந்த வயர்களையே பாவித்தல் வேண்டும். முனை பொருந்துகிறதே என்று வேறொன்றின் வயரைச் செருகினால், உள்ளிணைப்பு மாறியிருப்பின் டிஸ்க்கும் மதர்போட்டும் ஒரு நொடியிலே கருகிவிடும். சப்ளையின் மூடியைத் திறப்பதும் ஆகாது. எமது 230 வோல்ற்று மின்சாரத்திலே உள்ளிருக்கும் கொள்ளளவிகள் ஏறத்தாழ 400 வோல்ற்று வரை ஏற்றம் கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சற்று நேரம் தங்கும்.

இரவற் சப்ளையுடன் வேலியின்றியே பந்தயம் இரண்டு மணி நேரம் ஓடியது. கார்ட் குற்றமற்றதென விடுதலையாயிற்று. புதுச் சப்ளைக்கு ஆன காசு, புதுக் கார்ட் ஒன்றின் விலையிலே நான்கிலொரு பங்குகூட இல்லை. காப்பு தமக்கையாரின் கையிலேயே இருக்கின்றது.

சப்ளை தெரியும்போது ‘80 பிளஸ்’ என்ற முத்திரையைக் கண்டு மயங்குவோரும் உளர். மின்சாரம் வீணாகாத அளவை மட்டுமே அது கூறும். காப்புச் சுற்றுகள் செம்மையானவையா என்பதைக் கூறாது. 12 வோல்ற்றின் அம்பியரையும் உத்தரவாத ஆண்டுகளையும் பார்ப்பதே உதவும். 2022 பங்குனி இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில் பலரும் வாங்கிய மலிவான யு.பி.எஸ். பெட்டிகளிற் பல, பற்றறிக்கு மாறியதும் சீரான அலையைத் தருவதில்லை. நல்ல சப்ளையும் சிலவேளை அதனைச் செரிக்காது அணைந்துவிடும்.

எம்மிடம் வரும் ஏனைய முறைப்பாடுகள் பெரும்பாலும் நோயே அல்ல. திரையின் வயர் கார்ட்டிலே செருகப்படாமல் மதர்போட்டிலே செருகப்பட்டிருக்கும். 144 ஹேட்ஸ் திரை, விண்டோஸிலே 60 இல் உறங்கிக்கொண்டிருக்கும். 16 ஜிபி ராம் இரண்டு துண்டாயிராமல் ஒரே துண்டாய், ஒற்றை வழியிலே நொண்டிக்கொண்டிருக்கும். இவற்றைத் திருத்த ஐந்து நிமிடமும் ஒரு கோப்பை தேநீரும் போதும்.

கழற்றிய பழைய சப்ளையை நாம் கல்லூரிக்குக் கொண்டுசென்று ஆய்வுகூடத்து மேசையில் வைத்திருக்கின்றோம். லேபிளிலுள்ள எல்லாக் கோடுகளையும் கூட்டி, 500 என்ற எண் எங்கிருந்து வந்தது எனக் கணித்து வருமாறு மாணவரிடம் கூறினோம். இன்றுவரை ஒருவனும் விடை கொண்டுவரவில்லை.