மில் இருந்த இடமும் 12 வீத வரியும்



பத்தாந்தரத்துக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். 1815, கோப்பி, தேயிலை, 1948 என்று போர்டில் எழுதி முடிக்கும்போது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்:

"டீச்சர், அவங்கதானே எங்கள ஆண்டவங்க. இப்பவும் அவங்கட்டயே எதுக்கு சலுகை கேக்கிற?"

"உலக வியாபாரம் அப்படித்தான் மகள்" என்று சொல்லிவிட்டு மணியடிக்க வெளியே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் உம்மா கார்மண்டில் தைக்கிறார். 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் சாமான்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்தில் வந்து நின்றது. அந்த நாட்களில் உம்மாவுக்கு ஓவர்டைம் நின்றது. பிள்ளை கல்விச் சுற்றுலாவுக்கு வரவில்லை. "வயித்துவலி" என்றாள். நானும் நம்பிய மாதிரி இருந்தேன்.

அவள் கேட்டது பாடப்புத்தகக் கேள்வி இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதனால் தேடி வாசித்தேன்.

எங்கள் ஏற்றுமதியைப் பிரித்தானியா அதிகம் வாங்குகிறது. அதில் பாதிக்கு மேல் உடுப்பு. சாதாரணமாக அங்கே உடுப்புக்கு 12 வீதம் வரி. 2023 ஜூனில் தொடங்கிய வளர்முக நாடுகளுக்கான வர்த்தகத் திட்டத்தில் எங்களுக்கு அந்த வரி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: பொதுவாக துணியும் இங்கேயே நெய்ததாக, அல்லது அவர்கள் ஏற்றுக்கொண்ட சில நாடுகளின் துணியாக இருக்க வேண்டியிருந்தது. சீனத் துணியை வாங்கி இங்கே தைத்தால் வரி கட்டத்தான் வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் கயிறு கட்டின கதை. 2025 ஜூலையில் அந்த விதியைத் தளர்த்துவதாக அறிவித்தார்கள். 2026 தொடக்கத்திலிருந்து துணி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, தைப்பது இங்கே என்றால் போதும்.

இதை வாசிக்கும்போது வாப்பாட வாப்பா ஞாபகம் வந்தார். இப்போது ஹெவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கிற இடத்தில்தான் வெள்ளவத்தை நூல் நெசவு மில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து மில். பருத்தியை நூலாக்கி, நூலைத் துணியாக்கின இடம். மில் விட்டால் மலையாளிகளும் இந்தியத் தமிழர்களும் எங்கட ஆட்களுமாக பாமன்கடை ரோடு நிறைந்துபோகும் என்பார். துணி நெய்த ஊரில் இருந்துகொண்டு, எங்களிடம் போதிய துணி இல்லாததால் விதியைத் தளர்த்தக் கேட்டிருக்கிறோம்.

புது விதி நல்லதுதான், ஓடர் வர வேண்டும். ஆனால் இனி இங்கே மில் கட்ட யாருக்கு அவசரம்? அதுவும் இது பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இல்லை, அவர்களாகத் தருவது. தந்தவர் எடுக்கவும் முடியும். 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸை நிறுத்தியது. திரும்பக் கிடைக்க 2017 மே ஆனது. அப்போது பிரித்தானியாவும் அந்த ஒன்றியத்தில்தான் இருந்தது.

அடுத்த பாடத்தில் இதையெல்லாம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உம்மாக்கு ஓவர்டைம் வருமா டீச்சர்?" என்றாள்.

இன்னும் வரவில்லை. உங்கட வீட்டில் யாராவது கார்மண்டில் இருந்தால், ஓடர் கூடியிருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். அவளிடம் சொல்ல வேண்டும்.