சேர்க்கச் சேர்க்கப் புறப்படாத வண்டி

திருப்பதி இரயில் நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்குத் தாமதம் என்பது புதிய சொல் அன்று. எனினும், வண்டியின் தாமதத்தினும் வாக்கின் தாமதம் கொடிது என்பதைத் தமக்கையின் மகன் வாயிலாகவே அறிந்தோம்.

கல்லூரி மாணவனான அவன், இன்னும் உருவாகாத ஒரு கணினி விளையாட்டிற்கென இரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தான். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல், ஆயிரக்கணக்கானோர் முன்பணம் ஈந்து ஒரு விளையாட்டை ஆக்குவிக்கும் முறை இது. ஆண்டுகள் மூன்று சென்றன. ஆட்டம் வரவில்லை, புதுப்புது அம்சங்களைப் பற்றிய அறிவிப்புகளே வந்தன. “ஏமாற்றுகிறார்களோ?” என்று வினவினோம். “இல்லை மாமா, இன்னும் அழகாக்குகிறார்களாம்” என்றான்.

உலகறிந்த இரு கதைகளையும் அவனே கூறினான். ‘ஸ்டார் சிட்டிசன்’ என்னும் விண்வெளி விளையாட்டு 2012இல் அறிவிக்கப்பட்டது. 2014இல் முடியும் என்றனர். இன்ன தொகை சேர்ந்தால் இன்ன புதுமையும் சேரும் என்று அறிவிக்க அறிவிக்கப் பணம் குவிந்தது; 2022இல் அது 50 கோடி டாலரைத் தாண்டியது. 2025இலும் சோதனைப் பதிப்பை ஆட முடிந்ததேயன்றி, முழு ஆட்டம் வெளிவரவில்லை.

மற்றொன்று ‘ஹாலோ நைட்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துச் சிறு குழுவினர் 2014இல் 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல் திரட்டினர். கூடுதலாக, இன்னொரு பாத்திரத்தைக் கொண்டு ஆடும் வசதியும் தருவதாக வாக்களித்தனர். ஆயினும் 2017இல் மூல ஆட்டத்தை வெளியிட்டுவிட்டனர். கூடுதல் பகுதியோ வளர்ந்து வளர்ந்து, ‘சில்க்சாங்’ என்ற தனி ஆட்டமாகி, 2025 செப்டம்பர் 4இல்தான் வந்தது. அன்று பணம் ஈந்தவர்களுக்கு அது விலையின்றிக் கிடைத்தது. இங்கும் தாமதம் உண்டு. ஆனால் காத்திருந்தவர் கை வெறுங்கையாக இல்லை.

இரயில்வேயில் நடைமேடையின் நீளமும் எஞ்சினின் ஆற்றலும் அறிந்தே பெட்டிகளை இணைப்பர். கூட்டம் மிகுந்தால் பின்னால் சிறப்பு வண்டி விடுவர். பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் வண்டி புறப்படுவது எப்போது?

இவ்வாறு மருமகனிடம் நியாயம் பேசிய நாம் அன்றிரவு உறங்கவில்லை. சித்தூரில் உள்ள நம் வீட்டுப் பெட்டியில் ஓர் இரசீதுப் புத்தகம் கிடக்கிறது. தெலுங்குப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகள் தமிழ் படிக்க, ஓர் அலமாரியும் நூறு நூல்களும் வாங்குவதற்காக, நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடுவீடாகச் சென்று நாம் திரட்டிய நிதி அது. பிறகு அலமாரிக்கு ஓர் அறை வேண்டும் என்றோம். அறை என்றால் அதில் ஒரு மேடையும் வேண்டும் என்றோம். ஒவ்வொரு சேர்க்கையையும் முதலில் முன்மொழிந்தவர் நாமே. அலமாரி மட்டும் வரவில்லை.

முதல் இரசீது ஒரு பாட்டியார் பெயரில் உள்ளது. “பேரன் தமிழில் எனக்கொரு கடிதம் எழுத வேண்டும்” என்று சொல்லி, முந்தானையில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை அவிழ்த்துத் தந்தார். அப்போது அவன் நான்காம் வகுப்பு. இப்போது எட்டாம் வகுப்பு; ஐதராபாத்தில் விடுதியில் இருக்கிறான். பாட்டியார் சென்ற ஆண்டு காலமானார். அவருக்கு நாம் எந்தக் கணக்கைக் காட்டுவோம்?

சென்ற ஞாயிறன்று குழுவினரிடம் இதனைச் சொல்லி, நம் பிழையையும் ஒப்புக்கொண்டோம். “மேடை பிறகு ஆகட்டும், அலமாரி முன்னே வரட்டும்” என்றோம். அனைவரும் இசைந்தனர். வரும் மாத முதல் ஞாயிறு மாலை அலமாரி திறக்கப்படும். அன்பர்கள் குழந்தைகளுடன் வருக.

முதல் நூலை அப்பேரனுக்கு அஞ்சலில் அனுப்ப இருக்கிறோம். அவன் எழுத்துக் கூட்டியேனும் படிப்பானா என்பதை அறியோம்.