வழிப்போக்கனுக்கு வார்க்கும் தண்ணீர்

தாகமென்று வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது அறங்களுள் மிக எளியது என்பர். பொன் வேண்டியதில்லை, பொருள் வேண்டியதில்லை. ஒரு கிணறும் ஒரு குவளையும் போதும். நம் ஆண்டவரும் இறுதித் தீர்வையைப் பற்றிப் போதிக்கையில் இச்சிறு செயலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் காண்கிறோம். ஆயினும் அந்தக் குவளையில் இருப்பது எத்தகைய தண்ணீர் என்று கேட்க வேண்டியவர் யார்? குடிப்பவன் கேட்கமாட்டான், அவன் தாகத்தோடும் நம்பிக்கையோடும் வருகிறவன். ஆகவே கொடுப்பவனே கேட்டாக வேண்டும். இதனை நமக்கு நன்கு உணர்த்தியது அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஆழ்துளைக் கிணறு.

தமிழகத்து மறைமாவட்டங்களினின்று அந்நாட்டுப் பங்குகளில் பணியாற்றச் செல்லும் குருக்கள் பலர். நாமும் அவருள் ஒருவராய் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகிழக்கே ஒரு நாட்டுப்புறப் பங்கில் சில ஆண்டுகள் பணிபுரிந்தோம். ஒருபுறம் மிச்சிகன் ஏரி. மறுபுறம் கிரீன் பே விரிகுடா. இடையே பசுக்களும் பாற்பண்ணைகளும் நிறைந்த நிலம். 1859ஆம் ஆண்டு அடேல் பிரீஸ் என்னும் இளம்பெண்ணுக்குத் தேவ அன்னை காட்சியளித்ததாகப் போற்றப்படும் சாம்பியன் திருத்தலமும் அப்பகுதியிலேயே உள்ளது. 2010ஆம் ஆண்டு கிரீன் பே ஆயர் அக்காட்சிகளை விசுவாசத்துக்கு ஏற்றவை என அறிவித்தபின், திருப்பயணிகள் தொலைவிலிருந்தும் வருகின்றனர். கோடையில் ஏரிக்கரைகளில் கூடாரமிட்டுத் தங்க வரும் குடும்பங்களும் ஏராளம். ஆகவே அது வழிப்போக்கர் மிகுந்த நாடு.

அமெரிக்கா என்றதும் எங்கும் நகராட்சிக் குழாய் ஓடும் என்று நம்மவர் எண்ணக்கூடும். நகரத்தைக் கடந்து சில மைல் சென்றால் அந்தக் குழாய் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள பள்ளி, உணவகம், பெட்ரோல் நிலையம், முகாம், ஆலயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆழ்துளைக் கிணறுதான். அதனைப் பேணுவோர் பொறியாளர் அல்லர். உணவகத்தில் சமைப்பவரே கிணற்றையும் பார்த்துக்கொள்வார். பள்ளியில் மணியடிப்பவரே மோட்டாரையும் இயக்குவார்.

இத்தகைய சிறு கிணறுகளையும் அந்நாட்டுச் சட்டம் விட்டுவைக்கவில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின்படி, ஆண்டில் 60 நாள்களேனும் 25 பேருக்குத் தண்ணீர் தரும் எந்த அமைப்பும் பொதுக் குடிநீர் அமைப்பே. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 52 ஞாயிறுகள், அவற்றோடு திருமணங்களும் அடக்கத் திருப்பலிகளும் திருநாள்களும் சேர்ந்தால் 60 எளிதில் நிறைந்துவிடும். எனவே நம் சிற்றாலயமும் அதன் பின்புறத்து மண்டபமும், சட்டத்தின் பார்வையில் மாநகரக் குடிநீர் வாரியத்தின் இனத்தையே சேர்ந்தவை! நாடெங்கும் இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பொதுக் குடிநீர் அமைப்புகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, குடியிருப்போருக்கு அன்றி, வந்து போவோருக்கும் பள்ளி, பணியிடம் போன்றவற்றுக்கும் தண்ணீர் தருவனவே.

இவற்றுள்ளும் சட்டம் ஒரு வேறுபாடு காண்கிறது. பள்ளியிலும் தொழிற்சாலையிலும் நாள்தோறும் அதே மனிதர்கள் அருந்துகின்றனர். ஆகவே ஈயம், செம்பு, ஆர்சனிக் முதலாக, ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்து கேடு செய்யும் பொருள்களையும் அங்கே சோதிக்க வேண்டும். முகாமிலும் உணவகத்திலும் ஆலயத்திலும் அருந்துவோர் வந்து போகிறவர்கள். அவர்களுக்கு ஒரே ஒரு குவளையால் தீங்கு செய்யக்கூடியவை முக்கியமாக இரண்டு: நோய்க்கிருமிகளும் நைட்ரேட்டும். இவ்விரண்டுக்குமான சோதனைகளை மட்டும் அங்கே தவறாமல் செய்தாக வேண்டும். பனிக்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காதிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு மூடப்படும் முகாம்கள், வசந்தத்தில் திறப்பதற்கு முன் முறைப்படி ஆயத்தம் செய்து, தண்ணீரைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்னும் விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது.

நம் பங்கில் இப்பணியைச் செய்தவர், நம் ஊரில் கோயிற்பிள்ளை என்போமே, அத்தகைய ஒரு பெரியவர். பாற்பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆலயத்துப் புல்லை வெட்டுவதும் பனியை அள்ளுவதும் மெழுகுதிரி ஏற்றுவதுமாய் வாழ்ந்தவர். அவர் மாதிரி எடுப்பதை நாம் பலமுறை அருகிருந்து கண்டிருக்கிறோம். கைகளைக் கழுவுவார். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றுவார். சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுவார். ஆய்வகம் அனுப்பிய சிறு புட்டியைத் திறந்து, மூடியின் உட்புறத்தை விரல் தொடாமல் பிடித்து, 100 மில்லி கோடு வரை நிரப்புவார். புட்டியின் அடியில் சிறிது வெண்பொருள் இருக்கும், அது தண்ணீரில் குளோரின் இருந்தால் அதனை முறிப்பதற்காக இடப்பட்டது, அதனைக் கழுவிவிடலாகாது. முப்பது மணி நேரத்துக்குள் புட்டி ஆய்வகத்தைச் சேர வேண்டுமாதலால் தாமே வண்டியோட்டிச் சென்று கொடுத்து வருவார். பலிபீடத்துப் பாத்திரங்களைத் துடைக்கும்போது அவரிடம் காணும் அதே கவனத்தை இப்பணியிலும் கண்டோம்.

ஓர் ஆண்டு, பனி உருகி நிலம் நனைந்திருந்த ஏப்ரல் மாதத்தில், ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது: தண்ணீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா உள்ளது. இவ்வகையில் பெரும்பாலானவை தீங்கற்றவை; ஆனால் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து கிணற்றுக்குள் ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது என்பதற்கு அவை அடையாளம். விதிப்படி, அடுத்த 24 மணி நேரத்துக்குள் மூன்று மறுமாதிரிகளும் கிணற்றிலிருந்தே நேராக ஒரு மாதிரியும் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் ஈ.கோலை இருந்தது. மனிதர் அல்லது விலங்கின் கழிவு தண்ணீரை எட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். மாநில அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருந்துவோர் அனைவரும் அறியுமாறு எச்சரிக்கை வைக்க வேண்டும்.

அது வியாழக்கிழமை. அந்த ஞாயிறு புதுநன்மை விழா. பதினொரு குழந்தைகள், அவர்தம் பாட்டன் பாட்டிமார், ஞானப் பெற்றோர் என வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் நூற்றுக்கு மேல். வெள்ளியன்று மாலை பங்குப் பேரவை கூடியது. அவர்கள் நல்லவர்கள்; ஆலயத்தைத் தம் இல்லமாக நேசிப்பவர்கள். “எங்கள் பாட்டனார் காலம் தொட்டு இத்தண்ணீரைக் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை” என்றார் ஒருவர். “விழாவுக்குப் புட்டித் தண்ணீர் வாங்கி வைத்துவிடுவோம், குழாய்தோறும் எச்சரிக்கை ஒட்டி விருந்தினர் முன் தலைகுனிய வேண்டுமா?” என்றார் மற்றொருவர்.

“எங்களுக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை” என்னும் இச்சொல்லைச் சற்று ஆராய்வோம். உள்ளூரார் நலமாயிருப்பது விருந்தினருக்குக் காவலாகாது. வழிப்போக்கன் ஒருவன் நம் குழாயில் நீர் அருந்தி, இரண்டு நாள் கழித்து இருநூறு மைலுக்கு அப்பால் நோயுற்றால், அவன் நம்மை நினைப்பானா? வழியில் தின்ற ஏதோ ஒன்றைக் குறை கூறிவிட்டுப் படுத்திருப்பான். அவன் முறையீடு நம் செவிக்கு எட்டாது. முறையீடு வராததாலேயே நம் கிணறு நல்லது என்று நாமும் நம்பியிருப்போம். வந்து போவோருக்குத் தண்ணீர் தரும் இடங்களின் பேரிடர் இதுவே.

இது வெறும் கற்பனை அன்று. 1975ஆம் ஆண்டு, சட்டம் பிறந்த ஏழாம் மாதத்தில், ஆரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரித் தேசியப் பூங்காவில், அடைபட்ட சாக்கடை வழிந்து ஊற்றுநீரில் கலந்தது. பணியாளரும் பயணிகளுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஜூலை மாதத்தில் பூங்காவே மூடப்பட்டது. 1999ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டியில் நடந்த சந்தை விழாவில், குளோரின் கலக்காத ஆழமற்ற கிணற்றுநீரால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்; மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும் 79 வயது முதியவர் ஒருவரும் உயிர் நீத்தனர். பனிக்கட்டியும் பானமும் வாங்கி மகிழ்ந்து திரும்பியவர்கள் அன்றோ இவர்கள்!

நாம் பணிபுரிந்த அதே வடகிழக்கு விஸ்கான்சினில் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் நேர்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. புதிதாகத் திறந்த உணவகம் ஒன்றில் உண்டோரும் பணியாளருமாக 229 பேர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் வருந்தினர். அறுவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதன் கிணறு 85 மீட்டர் ஆழமுடையது. கழிவுநீரை நிலத்தில் இறக்கும் களம் கிணற்றிலிருந்து 188 மீட்டர் தொலைவில் இருந்தது. இரண்டும் விதிகளின்படியே கட்டப்பட்டவை. ஆயினும் ஆய்வாளர்கள் கழிவுநீர் அமைப்பில் சாயம் கலந்து பார்த்தபோது, தொட்டியிலிட்ட சாயம் ஆறு நாளிலும், களத்திலிட்ட சாயம் பதினைந்து நாளிலும் கிணற்றை வந்தடைந்தது. அப்பகுதியின் டோலமைட் பாறை வெடிப்புகள் நிறைந்தது. மண்போல் வடிகட்டாமல், வெடிப்பின் வழியே தண்ணீரை விரைந்து கடத்திவிடும். ஆழமும் விதியும் மட்டும் நம்மைக் காவா. இடைவிடாத விழிப்பும் வேண்டும்.

பேரவையில் இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைத்தோம். எனினும் அவர்களின் மனத்தை மாற்றியது நம் சொற்கள் அல்ல. அதுவரை வாளாவிருந்த கோயிற்பிள்ளைப் பெரியவர் எழுந்து, “போன ஞாயிறு ஒரு பேருந்து நிறையத் திருப்பயணிகள் நம் மண்டபத்தில் இறங்கினார்களே, குழாயில் குப்பிகளை நிரப்பிக்கொண்டு போனார்களே, அவர்களுக்கு யார் அறிவிப்பது?” என்று கேட்டார். யாரிடமும் விடையில்லை. அவர்கள் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. “போனவர்களுக்குச் சொல்ல இயலாது. வருகிறவர்களுக்கேனும் சொல்லிவிடுவோம்” என்று முடித்தார். அதன்பின் எதிர்ப்பு எழவில்லை. அன்றிரவே குழாய்தோறும் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. ஞாயிறன்று திருப்பலியின் முடிவில் பீடத்தினின்று நாமும் அறிவித்தோம். விருந்தினர் எவரும் எள்ளவில்லை. நன்றி கூறிச் சென்றவர்களே பலர்.

மாநிலம் ஒப்புக்கொண்ட வல்லுநர் ஒருவர் வந்து பார்த்தார். கிணற்றுக் குழாயின் தலைமூடியில் உள்ள ரப்பர் வளையம் நைந்து, பூச்சிகள் உள்ளே குடியேறியிருந்தன. உருகிய பனிநீர் அதைச் சுற்றித் தேங்கியிருந்தது. அவ்வளவே காரணம். மூடி மாற்றப்பட்டது, மண் மேடாக்கப்பட்டது, கிணற்றில் குளோரின் இட்டு நிறுத்திக் கழுவி, மீண்டும் சோதித்துத் தூய்மை உறுதியானபின்தான் எச்சரிக்கைகள் அகற்றப்பட்டன.

குடும்பத்தார்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிருமி உள்ள நீரை ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்தால் கிருமி மடியும். ஆனால் எருவாலும் உரத்தாலும் நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட் கொதியால் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு அந்நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தை நீலம் பாரிக்கக்கூடும். இதனை 1945ஆம் ஆண்டிலேயே அயோவா மாநில மருத்துவர் ஹண்டர் கோம்லி எடுத்துரைத்தார். நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அந்நாட்டு அளவு.

அன்பு வாசகர்களே, வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோருக்கு நம் ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கிறோம்; பள்ளிக்கும் மண்டபத்துக்கும் தொட்டி கட்டித் தருகிறோம். மிக நன்று. அதனோடு மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்வோம்: இந்நீர் எங்கிருந்து வருகிறது? தொட்டியை யார், எப்போது கழுவினார்? தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது என்று? விடை கூற ஒருவர் இருப்பின் அந்தப் பந்தல் முழுமையான அறமாகும்.

அந்தப் பேருந்தில் வந்தவர்கள் நலமாகவே ஊர் சேர்ந்தார்கள் என நம்பி, அவர்களுக்காக இன்றும் செபிக்கிறோம். முகமறியாத அவர்களும் அன்று நம் பங்கின் விருந்தினரே. அவர்கள் குடித்த ஒவ்வொரு மிடறுக்கும் நாமே பொறுப்பாளிகள்.